நாற்பத்தொரு அழைப்புகள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒன்பது வருஷம் போன் எடுத்தவள் அவள். இருபத்திரண்டு வயதில் போய் உட்கார்ந்த நாற்காலியை விட்டு முப்பத்தொன்றில் எழுந்தபோது, வலது காதில் ஒரு ரீங்காரம் நிரந்தரமாகக் குடிவந்திருந்தது. ஊராரின் அலறலையெல்லாம் அந்த ஒரு காதிலேயே வாங்கிக்கொண்டதற்குக் கிடைத்த சன்மானம். "இனிமே போன் வேலை வேண்டாம்மா, இருக்கிற காதையாவது காப்பாத்திக்கோ" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அறையில் ஓடுகிற சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்த கம்பெனிக்கு, அழைப்பு எப்படி வரும், பதறுகிறவன் எப்படிப் பேசுவான் என்று தெரிந்த ஆள் ஒன்று தேவைப்பட்டது. அப்படித்தான் அவள் டெஸ்டிங் வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டர் படிப்பு படித்தவளில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் கழித்து, நாற்பத்துமூன்றாம் வயதில், அவளுக்குத் தெரியாத வரி என்று அந்தச் சாஃப்ட்வேரில் எதுவும் இல்லை.

அலுவலகத்தில் அவளைப் பட்டியலக்கா என்று கூப்பிடுவார்கள். எதற்கும் ஒரு பட்டியல் போடாமல் நகரமாட்டாள். வீட்டிலும் அப்படித்தான். "என்னையே அஞ்சு பேர்ல டிக் அடிச்சுத்தான் எடுத்தா" என்று அவள் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "மத்த நாலு பேர் தப்பிச்சாங்க" என்று அவள் மாமியார் கூடவே சேர்ந்துகொள்வார்.

அவள் கையில் இருந்த வேலை இது. சாஃப்ட்வேரில் ஏதாவது மாற்றினால், பழையபடி எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தால் ஒரு வாரம் ஆகும். அதனால் தானே ஓடுகிற சோதனைகள் வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால், ஜனங்கள் கைப்பேசி ஆப்பில் எழுதி அனுப்புகிற மாதிரி அறுபத்துநான்கு பொய் அழைப்புகள் வரிசையாகக் கிளம்பும். இன்ன முகவரியில் ஒருவர் மயங்கி விழுந்தார், இன்ன இடத்தில் பைக் சறுக்கியது என்று. சாஃப்ட்வேர், பக்கத்தில் இருக்கிற ஆம்புலன்ஸைப் பார்த்து அனுப்புகிறதா, வண்டி இல்லையென்றால் வரிசையில் வைக்கிறதா என்று சோதனையே பார்த்துக்கொள்ளும். கடைசியில் 'துடைப்பம்' என்று ஒரு படி உண்டு. அது, சோதனை போட்ட அழைப்புகளையெல்லாம் கூட்டித் தள்ளிவிடும்.

இதெல்லாம் நடப்பது பொய்ச் சர்வரில், சோதனைக்கென்றே தனியாக வைத்த கம்ப்யூட்டரில். அங்கே இருக்கிற ஆம்புலன்ஸும் பொய், டிரைவரும் பொய். எந்தச் சர்வரோடு பேசவேண்டும், பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்கவேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு போகலாம் என்பதையெல்லாம் சோதனைக்குச் சொல்வது கான்ஃபிக் ஃபைல். அந்த ஃபைல் அவள் பொறுப்பு. நூற்றுப்பத்து வரி. ஒவ்வொரு வரியையும் தன் பிள்ளையைப் போல் வளர்த்தாள்.

முகவரிகள் மட்டும் நிஜம். கற்பனை முகவரி போட்டால் வரைபடம் ஏற்றுக்கொள்ளாது. அதனால் ஊரில் இருக்கிற பஸ் நிலையம், மார்க்கெட் கட்டடம், பள்ளிக்கூடம், அடுக்குமாடி என்று பொறுக்கி எடுத்திருந்தாள். முதல் அழைப்புக்கு யோசிக்கவேயில்லை, தன் வீட்டு முகவரியையே போட்டாள். நோயாளி: மூதாட்டி, வயது எழுபத்தெட்டு, மயக்கம்.

அந்தப் புதன்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். சோதனை ஓடுகிற பழைய கம்ப்யூட்டர் முந்தின வாரம் உயிரை விட்டிருந்தது. அதற்குப் பதில் வேறொன்றை வயர் அண்ணன் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து மாட்டியிருந்தார். எப்போதும் கழுத்தில் ஒரு வயரை மாலைபோலப் போட்டுக்கொண்டு திரிவதால் அவருக்கு அந்தப் பெயர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஒப்பந்த வேலைக்காரர். அவளைவிட ஆறு வயது மூத்தவர்.

திரையில் பச்சைக் குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்து டீ எடுத்துவரப் போனாள். டம்ளரோடு திரும்பி நாற்காலியை இழுக்கும்போது கைப்பேசி அடித்தது. வீட்டிலிருந்து.

"ஏம்மா, வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்குது" என்றார் மாமியார்.

"யாருக்கு அத்தை? பக்கத்து வீட்டுக்கா?"

"எனக்காம்! நான் மயங்கி விழுந்துட்டேன்னு எழுதி வெச்சிருக்காங்க. நான் இங்க துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன். வயசு எழுபத்தெட்டாம்ல? எனக்கு எழுபத்திரண்டுதான்னு சொன்னா, படுங்கம்மா, முதல்ல பிரஷர் பாக்கணும்ங்கிறான் அந்தப் பையன்."

டம்ளரை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. எழுபத்தெட்டு. மயக்கம். அந்த வரியை எழுதின கை அவளுடையது.

"அத்தை, அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல, தப்பா வந்துடுச்சுன்னு சொல்லி உடனே கிளம்பச் சொல்லுங்க. உடனே!"

"என்னம்மா ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன் அத்தை."

திரையில் முப்பத்தொன்பதாவது பச்சைக் குறி விழுந்தது. சுட்டியை எட்டிப் பிடித்து நிறுத்து பொத்தானுக்குக் கொண்டுபோவதற்குள் நாற்பது. அழுத்தினாள். ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒன்று முடிந்து, நாற்பத்தொன்றில் நின்றது.

நாற்பத்தொரு பொய் அழைப்பு நிஜ ஊருக்குள் போயிருந்தது. காலை நேரத்தில் அந்த ஊருக்கு மொத்தம் இருபத்தாறு ஆம்புலன்ஸ். அவளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம்.

"வயர் அண்ணே!" என்று அவள் கத்தியதில் மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் ஓடிவந்தார். அவள் திரையின் மேல்பக்கத்துக்குப் போய், சோதனை எந்தச் சர்வரோடு பேசியது என்று தேடிக் காட்டினாள். அந்த முகவரியைப் பார்த்ததும் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. அது நிஜச் சர்வர். கட்டுப்பாட்டு அறையில் ஓடுகிற அதே சர்வர்.

"ஃபைல்ல நான் பொய்ச் சர்வர்தானே போட்டிருக்கேன்?" என்றாள்.

"ஃபைல் சரிதான் தங்கச்சி. இந்த மெஷின்..." அவர் தொண்டையைச் செருமினார். "இது முன்னாடி நிஜச் சர்வருக்கு அப்டேட் போடுற மெஷினா இருந்தது. அந்தச் சர்வரோட முகவரியும், உள்ள நுழையுற ரகசியச் சாவியும் இதுக்குள்ளயே இருந்திருக்கு. நான் துடைக்கல."

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயம் வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும். விஷயத்தைக் கேட்டதும் அவள் அறைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தத் துடைப்பத்தை மட்டும் தனியா ஓட்டு. ஒரு நிமிஷத்துல எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடும். சர்வர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் தெரியவேண்டியதில்ல."

அவள் கை விசைப்பலகையின் மேல் போனது. நாலு எழுத்து அடித்தால் போதும். ஊரெல்லாம் சுற்றுகிற வண்டிகள் திரும்பிவிடும். அடிக்கப்போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?"

"துடைப்பம் முகவரியைப் பாத்துத்தான் கேன்சல் பண்ணும். இந்த முகவரியில எது இருந்தாலும் தூக்கிடும். பொய்ச் சர்வர்ல வேற யாரும் இல்ல, அதனால பரவாயில்ல. இது நிஜ ஊரு சார். பஸ் நிலையத்துல நிஜமாவே ஒருத்தர் விழுந்து கிடந்து போன் பண்ணியிருந்தா? அவரோடதும் சேர்ந்து போயிடும்."

"கால் மணி நேரத்துல அதே முகவரியில ஒருத்தர் விழுவாரா? என்ன பேசுற?"

"விழமாட்டாருன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?"

அவள் மேஜைத் தொலைபேசியை எடுத்தாள். கட்டுப்பாட்டு அறையின் உள் எண் பன்னிரண்டு வருஷம் ஆகியும் விரலிலேயே இருந்தது. இடது காதில் வைத்துக்கொண்டாள்.

"ஷிப்ட் பொறுப்பு" என்றது ஒரு குரல். தகரத்தில் கல் விழுந்த மாதிரி.

அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். சார்ஜண்ட் என்று அந்தக் காலத்திலேயே பெயர் வாங்கியவள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஏழு வருஷம் உட்கார்ந்தவர்கள். அவள் கம்பெனிக்குப் போனபோது, "ஓடிப்போறியா, போ" என்று சொன்னதோடு சார்ஜண்ட் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"நான்தான்" என்று தன் பழைய மேஜை எண்ணைச் சொன்னாள். "ஏழாம் மேஜை."

பின்னால் போன்கள் அடித்துக்கொண்டே இருப்பது கேட்டது.

"என்ன வேணும் சீக்கிரம் சொல்லு. இங்க ஊரே செத்துக்கிட்டு இருக்கு. இருபத்தாறு வண்டியும் வெளிய போயிருக்கு, வரிசையில இன்னும் இருபது நிக்குது."

"அதுல நாற்பத்தொண்ணு பொய். நாங்க அனுப்பின சோதனை. தப்பா உங்க சர்வருக்கு வந்துடுச்சு."

சார்ஜண்ட் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது. சொல்லி முடித்ததும், "சரி, மொத்தமா அடிச்சுத் தள்ளிடுறேன். போன்ல வராம ஆப் வழியா வந்ததெல்லாம் உன்னுதுதானே?" என்றாள்.

"இல்ல. ஆப் வழியா நிஜமும் வரும். என்கிட்ட பட்டியல் இருக்கு. ஒவ்வொண்ணா படிக்கிறேன். முகவரி, வயசு, என்ன உபாதைன்னு மூணும் ஒத்துப்போனா மட்டும் கேன்சல் பண்ணு. ஒண்ணு ஒத்துப்போகலேன்னாலும் தொடாதே."

"நாற்பத்தொண்ணும் படிப்பியா? அதுவரைக்கும் நிஜமா சாகுறவன் காத்திருக்கணுமா?"

"வேகமாப் படிக்கிறேன். முதல்ல வண்டி போனதெல்லாம். எழுதிக்க வேண்டாம், திரையைப் பாத்துக்கிட்டே வா."

வயர் அண்ணன் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, ஒரு பேனாவோடு பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் படித்தாள். "ஒண்ணு" என்று தன் வீட்டு முகவரியைச் சொன்னாள். ஒத்துப்போச்சு, என்றாள் சார்ஜண்ட். டிக். "ரெண்டு, பஸ் நிலையம், மூணாவது நடைமேடை, ஆண், நாற்பது, கால் முறிவு." ஒத்துப்போச்சு. டிக். சார்ஜண்ட் ஒவ்வொன்றுக்கும் வயர்லெஸ்ஸில் வண்டியைத் திருப்பி விடுவதும், திரும்பிய வண்டியை அடுத்த மூச்சிலேயே நிஜமான இடத்துக்கு ஓட்டுவதும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஆறு, திரும்பு. பாலத்துக்குக் கீழ விபத்து, நீ போ." அந்த வேகத்தைக் கேட்க, பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது அவளுக்கு.

பதினைந்தைத் தாண்டியதும் அவள் குரல் கம்மிற்று. வயர் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். குடிக்க நேரமில்லை.

இருபதில் சார்ஜண்டுக்குப் பொறுமை போய்விட்டது. "இதுவரைக்கும் எல்லாமே ஒத்துப்போச்சு. மீதியை மொத்தமா அடிக்கிறேன். ஒரு பிரசவ கேஸ் பத்து நிமிஷமா நிக்குது இங்க."

"அதுக்கு இப்ப திரும்பின வண்டியை அனுப்பு. மீதியைத் தொடாதே. உன்னைக் கும்பிடுறேன்."

"நீ எப்பவுமே இப்படித்தான். ஊசி முனையில நெல்லைக் காயப்போடுறவ."

"திட்டு. திட்டிக்கிட்டே கேளு. இருபத்தொண்ணு."

மேலாளர் கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார்.

இருபத்தேழுக்கு வந்தாள். "மார்க்கெட் கட்டடம், முதல் மாடி. பெண், முப்பது, மூச்சுத்திணறல்."

"ஒத்துப்..." சார்ஜண்ட் நிறுத்தினாள். "இரு."

"என்ன?"

"அதே முகவரியில ரெண்டு வந்தா சிஸ்டம் ஒண்ணாச் சேத்துடும்ல? கீழ இன்னொரு வரி இருக்கு. 'கடக்காரரு கீழ உக்காந்தவரு எழுந்திரிக்கல, நிறைய வேர்க்குது, எடது கை மரத்துப்போச்சுங்கிறாரு, சீக்ரம் வாங்க'ன்னு இருக்கு. எழுத்துப் பிழையோட."

அவள் எழுதிய அறுபத்துநான்கு அழைப்பில் ஒன்றிலும் எழுத்துப் பிழை கிடையாது. வேர்வையும் கிடையாது.

"அது நம்மளுது இல்ல. அது நிஜம். மாரடைப்பு மாதிரி இருக்கு. வண்டி போகுதா?"

"பதினாலு போகுது." சார்ஜண்ட் வயர்லெஸ்ஸுக்குத் திரும்பினாள். "பதினாலு, எங்க இருக்க?"

கரகரவென்று ஒரு ஆண் குரல் தூரத்தில் கேட்டது. "மேடம், எல்லா வண்டியையும் திருப்பிக்கிட்டு இருக்கீங்களே, எனக்கும் கேன்சல்தானேன்னு சிக்னல்ல ஓரமா நிறுத்திட்டேன். திரும்பவா?"

"திரும்பாதே! போ! மார்க்கெட், முதல் மாடி, ஆம்பள ஆளு, நெஞ்சு. சைரனைப் போடு!"

சைரன் எழுந்தது போன் வழியாகவே கேட்டது. வயர் அண்ணன் டிக் அடிக்க வைத்த பேனா தாளின் மேலேயே நின்றிருந்தது. அவள் அந்த வரியின் முன்னால் ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

"மேல படி" என்றாள் சார்ஜண்ட். குரலில் அந்தத் தகரச் சத்தம் இல்லை. "மெதுவாவே படி."

மீதிப் பதினான்கும் பொய்யாகவே இருந்தன. எல்லாம் முடிய மொத்தம் பதின்மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. போனை வைத்தபோது அவள் விரல்கள் மடங்கிய வாக்கிலேயே இருந்தன. நீட்ட வரவில்லை. வயர் அண்ணன்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டிவிட்டார்.

அரை மணி கழித்து சார்ஜண்ட் கூப்பிட்டாள். "ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. சாவி வெட்டுற கடைக்காரர். உயிர் இருக்கு." அவ்வளவுதான். வைத்துவிட்டாள். பிரசவ கேஸுக்கும் வண்டி போய்விட்டது, வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது, இருவரும் நலம் என்று சாயங்காலம் தெரிந்தது. அன்றைக்கு வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதுவிட்டு வந்தாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை என்றார்கள். வியாழக்கிழமை மேலாளர் தன் அறிக்கையை அவளிடம் காட்டினார். அழகாக எழுதியிருந்தார். பிழை முழுவதும் கம்ப்யூட்டரைத் துடைக்காமல் கொண்டுவந்து மாட்டிய ஒப்பந்த ஊழியருடையது. பட்டியலக்காவின் சமயோசிதத்தால் பெரிய விபத்து தவிர்க்கப்பட்டது. உனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வரலாம் என்றார்.

அவள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். அதில் இல்லாத ஒன்று அவளுக்குத் தெரியும்.

ஒரே கேள்விக்கு மூன்று இடத்தில் பதில் இருக்கலாம். எந்தச் சர்வர் என்ற கேள்விக்குப் பொது ஃபைல் ஒன்று சொல்லும், அன்றைய சோதனைக்கான ஃபைல் ஒன்று சொல்லும், ஓடுகிற கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். மூன்றும் முரண்பட்டால் யார் பேச்சு செல்லும்? கம்ப்யூட்டர் பேச்சே செல்லும் என்று விதி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த விதியை எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு முறையும் ஃபைலைத் திறந்து மாற்றுவது சள்ளையாக இருக்கிறதென்று, ஒரு மத்தியான வேளையில், கால் மணி நேரத்தில் எழுதிப் போட்டது. விதி வேறு மாதிரி இருந்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்குள் எந்தப் பேய் இருந்தாலும் ஃபைலில் எழுதிய பொய்ச் சர்வருக்குத்தான் போயிருக்கும்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள். வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"யாராவது உன்னைக் கேட்டாங்களா அந்த விதியைப் பத்தி?"

"கேக்கல."

"அப்புறம் என்ன? வலியப் போய் தலையைக் கொடுப்பாங்களா? நமக்கும் ஒரு பொண்ணு படிக்குது."

"அவருக்கு ரெண்டு பேர் படிக்கிறாங்க" என்றாள்.

மாமியார் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "எனக்கு ஆறு வயசு கூட்டிப் போட்டவளாச்சே, அதையே மறைக்காம ஒத்துக்கிட்டா. இதை மறைச்சுட்டுத் தூங்கிடுவாளா?" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். "என்னவோ பண்ணு" என்றார். அவருடைய அகராதியில் அதுதான் சம்மதம்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. ஒரு பக்கம் கம்பெனி முதலாளியும் மேலாளரும். எதிர்ப்பக்கம் கட்டுப்பாட்டு அறையின் தலைமை அதிகாரியும் சார்ஜண்டும். வயர் அண்ணன் கதவருகே ஒரு ஸ்டூலில். அன்றைக்கு அவர் கழுத்தில் வயர் இல்லை. கை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலாளர் அறிக்கையைப் படித்தார். படித்து முடித்ததும் முதலாளி வயர் அண்ணனைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"தப்புதாங்க" என்றார் அவர்.

"அறிக்கையில ஒரு பாதிதான் இருக்கு" என்றாள் அவள்.

மேலாளர் மேஜைக்கடியில் அவள் காலைத் தேடி இடிக்கப் பார்த்தார். அவள் எழுந்து நின்றே சொன்னாள். விதி என்ன, எப்போது எழுதினாள், எதற்காக எழுதினாள், யாரிடமும் காட்டாமல் போட்டாள் என்பது வரைக்கும். பிறகு துடைப்பத்தைப் பற்றிச் சொன்னாள். முகவரி பார்த்து அழிக்கும்படி அதை வைத்ததும் அவள்தான். "அண்ணன் ஒரு சாவியை உள்ள விட்டுட்டாரு. கதவே இல்லாம வீடு கட்டினது நான்" என்றாள்.

தலைமை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு அந்தத் துடைப்பத்தை ஓட்டியிருந்தா?"

"மார்க்கெட் வண்டி திரும்பியிருக்கும் சார்."

"ஓட்டச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

மேலாளரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. "யோசனை வந்தது சார். வேண்டாம்னு முடிவு பண்ணினோம்" என்றாள். அந்த 'னோம்' சரியா தப்பா என்று அவள் பின்னால் பல நாள் தனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. பாராட்டுக் கடிதம் வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவளுக்கும் வயர் அண்ணனுக்கும் ஆளுக்கொன்று. அவர் வேலை தப்பியது. அவள் பதவி ஒரு படி இறங்கியது. அவள் கையிலிருந்த எல்லாச் சாவிகளையும் இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் வளர்த்த ஃபைலை அவளால் படிக்க மட்டுமே முடிந்தது. ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட முடியவில்லை. சாப்பாட்டு வேளையில் சிலர் அவள் மேஜைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வயர் அண்ணன் மட்டும் டிபன் டப்பாவோடு வந்து எதிரே உட்காருவார், சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கட்டுப்பாட்டு அறை ஒரு நிபந்தனை போட்டது. அந்தச் சோதனைகளின் கான்ஃபிக்கை முதலிலிருந்து திருப்பி எழுதாமல் இனி ஒரு அழைப்பும் ஓடக்கூடாது. எழுதுகிற ஆள் தங்கள் அறையில் வந்து உட்கார்ந்து எழுதவேண்டும். யார் அந்த ஆள் என்று கம்பெனி கேட்டதற்கு, சார்ஜண்ட் ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தாள்: "ஏழாம் மேஜைக்காரி."

அப்படியாக, இரண்டு மாதம் கழிந்து சாவிகள் கைக்கு வந்ததும், அவள் மறுபடி அந்த அறைக்குப் போனாள். மூன்று வாரம், காலையிலிருந்து சாயங்காலம் வரை, போன்கள் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே எழுதினாள். எழுதிய ஒவ்வொரு வரியையும் சார்ஜண்டுக்கு விளக்கவேண்டியிருந்தது. சார்ஜண்டுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் சந்தேகப்படத் தெரியும்.

"சர்வர் முகவரி ஒரே இடத்துலதான் இருக்கும்" என்பாள் அவள். "மெஷின் வேற ஏதாவது சொன்னா, சோதனை யார் பேச்சையும் கேக்காது, நின்னுடும்."

"முகவரியே எழுதாம விட்டுட்டா? எதையாவது தானா எடுத்துக்குமா?"

"முன்னாடி எடுத்துக்கும். இப்ப அதுவும் நின்னுடும்."

"எவனாவது எங்க முகவரியையே எழுதிட்டா?"

அதற்கு அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அடுத்த நாள் நிஜச் சர்வரின் முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டாள். துடைப்பத்தையும் மாற்றினாள். இனி அது தான் போட்ட அழைப்பை, அதற்குக் கிடைத்த எண்ணைப் பார்த்து மட்டுமே அழிக்கும். பக்கத்தில் வேறு எது இருந்தாலும் கை வைக்காது. முகவரிகள் நிஜமாகவே இருக்கலாம், ஆனால் யார் வீடும் வேண்டாம் என்றாள் சார்ஜண்ட். சரி என்று ஒத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒத்திகை. கம்பெனி மாடியில் வயர் அண்ணன் வேண்டுமென்றே ஒரு கம்ப்யூட்டரில் நிஜச் சர்வரின் முகவரியை வைத்தார். சாவி ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்ததால் உள்ளே போக முடியாது. ஆனால் யாராவது வந்து தட்டினாலே கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரிந்துவிடும். அந்தத் திரை முன்னால் சார்ஜண்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பட்டியலக்கா அவள் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழுத்தட்டுமா தங்கச்சி?" என்றது வயர் அண்ணன் குரல்.

"அழுத்துங்க அண்ணே."

திரையையே பார்த்தார்கள். ஒரு நொடி. ஐந்து நொடி. பக்கத்து மேஜையில் ஒருத்தி யாரிடமோ, பதறாதீங்க, முகவரியை மெதுவாச் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"இங்க சிவப்பா ஒரு வரி வந்திருக்கு" என்றார் வயர் அண்ணன். "'இது நிஜ இடம், ஓடமாட்டேன்'னு. நீ எழுதினதா?"

"நான்தான்."

சார்ஜண்ட் இன்னும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாடையைச் சொறிந்தாள்.

"இன்னொரு தடவை அழுத்தச் சொல்லு" என்றாள்.

அழுத்தினார்கள். பிறகு இன்னொரு தடவை.

அன்றைக்கு மொத்தம் ஒன்பது தடவை அழுத்தினார்கள். ஒன்பதாவது தடவைக்குப் பிறகு சார்ஜண்ட் ஏழாம் மேஜை நாற்காலியைக் காலால் இழுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, தன் மேஜைக்குப் போய் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

அவள் உட்கார்ந்தாள்.